மின்சந்தையும் ஆட்டக் கோட்பாடும்

மின்விசை ஏனைய பண்டங்களைப் போன்றதன்று. நெல்லைக் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கலாம். துணியைக் கிடங்கில் அடுக்கி வைக்கலாம். மின்விசையைப் பெருமளவில் அவ்வாறு சேமித்து வைப்பது அரிது. நீரேற்று மின்நிலையங்களும் மின்கலத் தொகுதிகளும் அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றன எனினும், நாட்டின் மொத்தத் தேவையுடன் ஒப்பிடும்போது அவற்றின் பங்கு சிறிதே. உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருந்தாக வேண்டும். இத்தகைய பண்டத்தைச் சந்தையில் ஏலம் விட்டு வாங்கவும் விற்கவும் முற்படும்போது, அச்சந்தையின் விதிகள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதைப் பொறுத்தே மக்கள் செலுத்தும் விலை அமையும். விதியில் ஒரு சிறு ஓட்டை இருப்பினும், அதன் வழியே கோடிக்கணக்கான ரூபாய் ஒழுகிவிடும். அந்த ஓட்டைகளை முன்கூட்டியே கண்டறிய உதவும் இரு கருவிகளைப் பற்றி இங்குக் காண்போம். ஒன்று ஆட்டக் கோட்பாடு. மற்றொன்று பரிணாமக் கணிப்பு முறை.

சந்தை தோன்றிய வரலாறு

1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டத்தின்கீழ் மாநிலந்தோறும் மின்வாரியங்கள் நிறுவப்பட்டன. உற்பத்தி, செலுத்தல், பகிர்மானம் ஆகிய மூன்றையும் வாரியமே கவனித்து வந்தது. செலவைக் கணக்கிட்டு அதன்மேல் கட்டணம் நிர்ணயிக்கும் முறையே நெடுங்காலம் நிலவியது. 1991-இல் தனியார் உற்பத்திக்கு வழி திறக்கப்பட்டது. 1998-இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் மின்விசை வணிகத்தை உரிமம் பெற்று நடத்தும் தனித் தொழிலாக ஏற்றுக்கொண்டது. மின்கம்பிகளைப் பிறரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் உரிமையையும் வழங்கியது. அதன் தொடர்ச்சியாக 2008 ஜூன் மாதத்தில் இந்திய எரிசக்திப் பரிமாற்றகமும், அதே ஆண்டு அக்டோபரில் மற்றொரு மின்விசைப் பரிமாற்றகமும் செயல்படத் தொடங்கின. 2020 ஜூன் முதல் நாளன்று உடனடிச் சந்தையும் தொடங்கப்பட்டது.

மறுநாளுக்கான சந்தையின் செயல்முறை எளிதானது. நாளை தேவைப்படும் மின்விசைக்கு இன்று முற்பகலில் ஏலம் நடைபெறும். நாள் முழுவதும் பதினைந்து நிமிடங்கள் கொண்ட 96 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திற்கும் விற்போர் இன்ன விலைக்கு இவ்வளவு தருவோம் என்றும், வாங்குவோர் இன்ன விலைக்கு இவ்வளவு வாங்குவோம் என்றும் மூடிய விலைப்புள்ளிகளை அளிப்பர். குறைந்த விலையிலிருந்து விற்பனைப் புள்ளிகளும், உயர்ந்த விலையிலிருந்து கொள்முதல் புள்ளிகளும் வரிசைப்படுத்தப்படும். இரு வரிசைகளும் வெட்டிக்கொள்ளும் இடமே அக்கட்டத்தின் விலை. ஏலத்தில் தேறிய எல்லா விற்பனையாளர்களுக்கும் அந்த ஒரே விலைதான் கிடைக்கும். மின்செலுத்து பாதையில் நெருக்கடி ஏற்பட்டால் மட்டும் சந்தை பகுதிகளாகப் பிரிந்து, பகுதிக்கு ஒரு விலை உருவாகும். 2013 டிசம்பர் இறுதியில் தென்மண்டல மின்தொகுப்பு ராய்ச்சூர்-சோலாப்பூர் பாதையின் வழியே நாட்டின் ஏனைய தொகுப்புடன் இணைக்கப்படும் வரையிலும், அதன் பின்னர்ச் சில காலமும், தென்மாநிலங்கள் ஏனைய பகுதிகளைவிட உயர்ந்த விலை கொடுக்க நேர்ந்தது இதனால்தான்.

நாட்டின் மின்விசையில் மிகப் பெரும்பகுதி இன்றும் நீண்டகால ஒப்பந்தங்களின் வழியே வாங்கப்படுகிறது. பரிமாற்றகங்களின் பங்கு சிறிதே. ஆயினும் கோடைக்கால மாலையில் ஒரு பகிர்மானக் கழகத்திற்கு இன்னும் சிறிது மின்விசை தேவைப்படும்போது அது நாடும் இடம் பரிமாற்றகமே. அந்தக் கடைசி யூனிட்டின் விலைதான் விளக்கு எரியுமா அணையுமா என்பதை முடிவு செய்கிறது.

ஓர் எளிய கணக்கு

எல்லோருக்கும் ஒரே விலை என்னும் விதி நேர்மையைத் தூண்டும் என்பது பொருளாதார நூல்கள் கூறும் கருத்து. விற்பவர் தமது உண்மைச் செலவையே விலைப்புள்ளியாக எழுதினாலும் சந்தை விலை உயர்வாக இருந்தால் அந்த உயர்ந்த விலையே அவருக்குக் கிடைக்கும். ஆதலின் மிகைப்படுத்தி எழுத வேண்டியதில்லை. விற்போர் பலராகவும் சிறியவராகவும் இருக்கும்போது இது உண்மையே. விற்போர் சிலராக இருந்தால் என்னவாகும் என்பதைக் கற்பனையான ஒரு சந்தையைக் கொண்டு காண்போம்.

மூன்று மின்நிலையங்கள் உள்ளன எனக் கொள்வோம். முதலாவது 600 மெகாவாட் திறனுடையது. யூனிட்டுக்கு அதன் செலவு 3 ரூபாய். இரண்டாவது 400 மெகாவாட். செலவு 4 ரூபாய். மூன்றாவது 300 மெகாவாட். செலவு 6 ரூபாய். ஒரு மணி நேரத்திற்கான தேவை 900 மெகாவாட். மூவரும் உண்மைச் செலவையே எழுதினால், முதல் நிலையம் முழுமையாகவும் இரண்டாம் நிலையம் 300 மெகாவாட் அளவிற்கும் தேறும். விலை 4 ரூபாய். முதல் நிலையத்திற்கு 6 இலட்சம் யூனிட்டுகளின்மேல் ஆளுக்கு ஒரு ரூபாய் வீதம் 6 இலட்சம் ரூபாய் இலாபம். நுகர்வோர் செலுத்துவது 36 இலட்சம் ரூபாய்.

இப்போது முதல் நிலையம், ஓர் இயந்திரம் பழுது எனக் கூறி 300 மெகாவாட்டை மட்டுமே ஏலத்திற்கு அளிப்பதாகக் கொள்வோம். இரண்டாம் நிலையம் முழுமையாக ஓடியும் தேவை நிறைவேறாது. மூன்றாம் நிலையத்திலிருந்து 200 மெகாவாட் வேண்டும். விலை 6 ரூபாயாக உயரும். முதல் நிலையம் விற்றது பாதியே. ஆயினும் 3 இலட்சம் யூனிட்டுகளின்மேல் 3 ரூபாய் வீதம் அதன் இலாபம் 9 இலட்சம் ரூபாய். பாதியை மறைத்து ஒன்றரை மடங்கு இலாபம்!

நுகர்வோரின் நிலை என்ன? அவர்கள் செலுத்துவது 54 இலட்சம் ரூபாய். அதாவது 18 இலட்சம் கூடுதல். இதில் மறைத்தவருக்குக் கிடைத்தது 3 இலட்சம் மட்டுமே. ஏதும் செய்யாத இரண்டாம் நிலையத்திற்கு 8 இலட்சம் கிடைத்தது. எஞ்சிய 7 இலட்சம் யாருக்கும் பயனின்றி, மலிவான நிலையம் நிற்க விலை மிகுந்த நிலையம் ஓடியதால் எரிபொருளில் கரைந்து போயிற்று. ஒருவர் 3 இலட்சம் பெறுவதற்காகச் சமுதாயம் 18 இலட்சம் இழந்தது. இதில் எவரும் எவருடனும் சதி செய்யவில்லை என்பதே கவனிக்கத்தக்கது.

ஆட்டக் கோட்பாடு கூறுவது

ஒருவரின் நன்மை தம் செயலை மட்டுமன்றிப் பிறரின் செயலையும் சார்ந்திருக்கும் சூழ்நிலைகளை ஆராய்வதே ஆட்டக் கோட்பாடு. சில விற்பனையாளர்கள் மட்டும் உள்ள சந்தையில் ஒவ்வொருவரும் தம் உற்பத்தி அளவை எவ்வாறு தீர்மானிப்பர் என்பதை 1838-இலேயே பிரெஞ்சு அறிஞர் கூர்நோ கணித முறையில் விளக்கினார். 1944-இல் ஃபான் நாய்மனும் மார்கன்ஸ்டெர்னும் இத்துறைக்கு அடித்தளமிட்ட நூலை வெளியிட்டனர். 1950-இல் ஜான் நாஷ் சமநிலை என்னும் கருத்துக்குத் தெளிவான வடிவம் தந்தார். பிறர் தத்தம் முடிவில் நிலைத்திருக்கையில், எந்த ஒருவரும் தம் முடிவை மட்டும் மாற்றிக்கொள்வதால் கூடுதல் நன்மை அடைய முடியாத நிலையே நாஷ் சமநிலை எனப்படும்.

மேற்கண்ட சந்தையில் தேவை 1,200 மெகாவாட்டாக உயர்ந்த ஒரு வெப்ப மாலையைக் கற்பனை செய்வோம். விலைக்கு 12 ரூபாய் என்னும் உச்ச வரம்பு இருப்பதாகவும் கொள்வோம். மொத்தத் திறன் 1,300 மெகாவாட், பற்றாக்குறை இல்லை. நேர்மையான விலை 6 ரூபாய். ஆயினும் மூவரில் எவர் ஒருவர் விலகினாலும் தேவையை நிறைவேற்ற முடியாது. ஆகவே ஒவ்வொருவரும் தவிர்க்கவியலாத விற்பனையாளர் ஆகிறார். மூன்றாம் நிலையம் 12 ரூபாய் என எழுதினாலும் அதனிடமிருந்து 200 மெகாவாட்டை வாங்கியே தீரவேண்டும். விலை 12 ரூபாயாகும்; நுகர்வோர் செலுத்துவது 72 இலட்சத்திற்குப் பதில் 144 இலட்சம் ரூபாய். மற்ற இருவர் தாழ்ந்த விலையில் நிலைத்திருக்கும் வரை மூன்றாம் நிலையத்திற்குத் தன் முடிவை மாற்றக் காரணம் இல்லை. மற்ற இருவருக்கும் மாற்றக் காரணம் இல்லை. எனவே இது ஒரு சமநிலை.

இத்துடன் முடியவில்லை. முதல் நிலையம் 12 ரூபாய் எழுதி மற்ற இருவர் தாழ எழுதுவதும் ஒரு சமநிலை; இரண்டாம் நிலையம் அவ்வாறு செய்வதும் ஒரு சமநிலை. விலையை உயர்த்துபவர் தம் விற்பனையில் 100 மெகாவாட்டை இழக்கிறார்; மற்றவர்கள் முழுமையாக விற்று உயர்ந்த விலையையும் பெறுகின்றனர். முதல் நிலையம் தானே உயர்த்தினால் 45 இலட்சம். பிறர் உயர்த்தினால் 54 இலட்சம். ஆகவே ஒவ்வொருவரும் அடுத்தவர் உயர்த்தட்டும் எனக் காத்திருப்பர். எல்லோரும் காத்திருந்தால் விலை தாழும். மூன்று சமநிலைகளுள் எது நிகழும் என்னும் வினாவிற்கு இக்கோட்பாடு மட்டும் விடை தருவதில்லை. தூண்டுதல் எங்கே உள்ளது என்பதை அது சுட்டிக்காட்டும்; உண்மை மாந்தர் அத்தூண்டுதலுக்கு எவ்வழியே, எவ்வளவு காலத்தில் ஆட்படுவர் என்பதைக் கூறாது. மேலும், நாம் எடுத்துக்கொண்டது மூவர் மட்டும் உள்ள ஒரு மணி நேர ஆட்டம். உண்மைச் சந்தையில் விற்போரும் வாங்குவோரும் நூற்றுக்கணக்கானோர். ஓராண்டில் 35,040 கட்டங்கள். இவ்வளவு பெரிய ஆட்டத்தின் சமநிலைகளைக் காகிதத்தில் தீர்ப்பது இயலாத செயல்.

பரிணாமக் கணிப்பு முறை

இவ்விடத்தில் உதவ வருவதே இரண்டாவது கருவி. உயிரினங்கள் சூழலுக்கேற்பத் தலைமுறை தலைமுறையாகத் தகவமைவது போல, கணிப்பொறியில் விடைகளைத் தகவமையச் செய்யும் முறையை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஹாலந்து வளர்த்து, 1975-இல் நூலாக வெளியிட்டார். மரபியல் வழிமுறை என இது வழங்கப்படுகிறது. அதே பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆக்சல்ராட் இம்முறையை ஆட்டக் கோட்பாட்டுடன் இணைத்து, மீண்டும் மீண்டும் சந்திக்கும் ஆட்டக்காரர்களிடையே ஒத்துழைப்பு எவ்வாறு தானாகவே வளர்கிறது என்பதை ஆராய்ந்தார்.

நமது மூன்று நிலையங்களுக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். கணிப்பொறியில் ஒவ்வொரு நிலையத்திற்கும் இருபது உத்திகள் அளிக்கப்படும். ஓர் உத்தி என்பது எண்களின் சரம்: தேவை குறைவான கட்டத்தில் எவ்வளவு மின்விசையை எவ்விலைக்கு அளிப்பது, மிகுந்த கட்டத்தில் எவ்வளவு, எவ்விலைக்கு என்பன போன்றவை. தொடக்கத்தில் இவ்வெண்கள் குருட்டாம்போக்கில் இடப்படும். பின்னர் ஒவ்வோர் உத்தியும் மற்ற நிலையங்களின் உத்திகளுடன் ஏலத்தில் பலமுறை மோதும். அதிக இலாபம் ஈட்டிய உத்திகள் நிலைக்கும், குறைந்தவை நீக்கப்படும். நிலைத்தவற்றுள் இரண்டை வெட்டி ஒட்டிப் புதிய உத்திகள் உருவாக்கப்படும். அவ்வப்போது ஓர் எண் தற்செயலாக மாற்றப்படும். இவ்வாறு நூற்றுக்கணக்கான தலைமுறைகள் ஓடியபின், எந்த விலையை நோக்கிச் சந்தை சாய்கிறது என்று காணலாம். ஓட்டத்தை ஆயிரம் முறை திரும்பச் செய்து, மூன்று சமநிலைகளுள் எது எத்தனை முறை தோன்றுகிறது என்று எண்ணலாம். விதியை மாற்றி மீண்டும் ஓட்டலாம்.

இம்முறையின் சிறப்பு, ஆட்டக்காரர்கள் எல்லாம் அறிந்த அறிஞர்கள் என்னும் கற்பனையை அது நாடாததே. மின்நிலையத்தின் வணிகப் பிரிவில் அமர்ந்திருப்பவர் சமன்பாடுகளைத் தீர்ப்பதில்லை. நேற்று எழுதிய விலை பயன் தந்ததா என்று பார்க்கிறார். தந்திருந்தால் சற்றே உயர்த்துகிறார். இழப்பு நேர்ந்தால் இறங்குகிறார். அதே போட்டியாளர்களை ஓராண்டில் 35,040 முறை சந்திக்கும் ஒருவருக்கு, பேசாமலே அடுத்தவரின் எண்ணம் புலப்பட்டுவிடும். போட்டிச் சட்டம் மறைவான உடன்பாட்டைத் தண்டிக்கும். உடன்பாடே இல்லாமல் கற்றுக்கொண்ட பழக்கத்தை அதனால் எளிதில் தொட முடியாது. அதைத் தடுக்க வல்லது விதியின் அமைப்பு ஒன்றே.

மின்சந்தை ஏலத்திற்கான உத்திகளை மரபியல் வழிமுறையால் வளர்க்கும் ஆய்வை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிக்டர், ஷெபிள் ஆகியோர் 1998-இல் வெளியிட்டனர். அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்து நிக்கோலைசன், பெட்ரோவ், டெஸ்ஃபட்ஷன் ஆகியோர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி முன்சென்றது. பிறரைப் பார்த்துப் பின்பற்றும் முறைக்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தம் சொந்த அனுபவத்திலிருந்து கற்கும் முறையை அவர்கள் கையாண்டனர். கற்கும் வேகத்தை எவ்வாறு மாற்றியமைத்தாலும், யாருக்கு ஆதிக்கம் என்பதைச் சந்தையின் கட்டமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. விற்போரின் குணத்தைக் குறைகூறுவதைவிட, சந்தையின் அமைப்பைச் சீர்செய்வதே பயன் தரும் என்பதற்கு இது சான்று.

பிற நாடுகளின் பாடம்

சோதிக்கப்படாத விதிகளின் விலையை அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் செலுத்தியது. 1998-இல் அங்குத் தொடங்கிய மின்சந்தையில், பகிர்மான நிறுவனங்கள் தம் தேவையை அன்றாடச் சந்தையிலேயே வாங்கும்படி செய்யப்பட்டது. நுகர்வோர் கட்டணமோ உறையவைக்கப்பட்டிருந்தது. 2000 கோடையில் வெப்பம் மிகுந்து, நீர்மின் உற்பத்தி குறைந்து, எரிவாயு விலையும் உயர்ந்தபோது மின்விலை பன்மடங்கு ஏறியது. 2001 ஜனவரியில் சுழற்சி முறை மின்வெட்டு வந்தது. அதே மாதம் பரிமாற்றகத்தின் அன்றாட வணிகம் நின்றது. ஏப்ரலில் மாநிலத்தின் பெரிய பகிர்மான நிறுவனங்களுள் ஒன்று திவாலானதாக அறிவித்துக்கொண்டது. 1999 கோடைக்கும் 2000 கோடைக்கும் இடையே கொள்முதல் செலவில் ஏற்பட்ட உயர்வில் 59 விழுக்காடு சந்தை ஆதிக்கத்தால் விளைந்தது என்று போரன்ஸ்டைன், புஷ்னெல், வோலக் ஆகிய மூவரின் 2002-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. நமது எளிய கணக்கில் கண்ட தூண்டுதலே அங்குப் பேருருக் கொண்டது.

இங்கிலாந்து-வேல்ஸ் சந்தையின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1990-இல் அங்கு அனல் மின்நிலையங்களிற் பெரும்பகுதி இரு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இருவர் மட்டும் உள்ள சந்தையில் விலை செலவைவிட மிக உயர்ந்து நிற்கும் என்றும், ஐந்து நிறுவனங்களாகப் பிரித்திருந்தால் செலவை நெருங்கியிருக்கும் என்றும் கிரீன், நியூபெரி ஆகியோர் 1992-இல் ஆட்டக் கோட்பாட்டின் வழியே காட்டினர். 2001 மார்ச்சில் ஒரே விலை முறை கைவிடப்பட்டு, அவரவர் எழுதிய விலையே அவரவர்க்கு என்னும் புதிய ஏற்பாடு வந்தது. அவ்வாறு செய்தால் விலை உயரக்கூடும் எனக் கற்கும் ஆட்டக்காரர்களைக் கொண்ட கணிப்பொறி மாதிரி ஒன்றின் வழியே போவர், பன் ஆகியோர் முன்னரே எச்சரித்திருந்தனர். ஆனால் விலை இறங்கியது. பெரு நிறுவனங்கள் தம் நிலையங்கள் பலவற்றை விற்றிருந்ததும், உற்பத்தித் திறன் மிகுந்திருந்ததும் காரணங்களாகச் சுட்டப்பட்டன. மாதிரி என்பது வருவதுரைக்கும் சோதிடம் அன்று. ஏனைய நிலைமைகள் மாறாதிருந்தால் இவ்விதி எத்திசையில் தள்ளும் என்பதை மட்டுமே அது உரைக்கும்.

நமது அனுபவம்

நமது நாட்டிலும் விதிகளை வைத்து விளையாடும் போக்கு புதிதன்று. 2002, 2003 ஆண்டுகளில் மண்டலந்தோறும் நடைமுறைக்கு வந்த கிடைப்புநிலைக் கட்டண முறையின்கீழ், அட்டவணைக்கு மேல் மின்விசையை எடுப்போரும் அட்டவணைக்குக் குறைவாக வழங்குவோரும், மின்தொகுப்பின் அதிர்வெண்ணைப் பொறுத்து மாறும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்கக் கட்டணம் ஏறும். இதனால் நெடுங்காலம் தறிகெட்டிருந்த அதிர்வெண் பெரிதும் சீரடைந்தது, பாராட்டத்தக்க பயனே. ஆனால் உற்பத்தி நிலையம் தன் திறனைக் குறைத்து அறிவித்துவிட்டு, கூடுதலாக உற்பத்தி செய்து உயர்ந்த கட்டணத்தைப் பெறவும் இவ்விதியில் தூண்டுதல் இருந்தது. இதனை உணர்ந்தே, ஒரு கட்டத்தில் அறிவித்த திறனில் 105 விழுக்காடும், நாள் முழுவதற்கும் சராசரியாக 101 விழுக்காடும் மிகாதவரை அதனை விதியாட்டமாகக் கருதுவதில்லை என்று ஒழுங்குமுறை ஆணையம் எல்லை வகுத்தது.

வாங்குவோர் பக்கத்தில் நேர்ந்தது இன்னும் கடுமையானது. அபராதமாக எண்ணப்பட்ட கட்டணத்தைச் சில மாநிலங்கள் ஒரு கொள்முதல் வழியாகவே கருதத் தலைப்பட்டன. தொகுப்பின் நலன் எல்லோருக்கும் பொதுவானது. அதைச் சிறிது சுரண்டுவதன் பயன் சுரண்டுபவருக்கே உரியது. 2012 ஜூலை 30-ஆம் நாள் வடமண்டலத் தொகுப்பும், மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்கு மண்டலத் தொகுப்புகளும் வீழ்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருளில் மூழ்கின. பல மின்பாதைகள் இயக்கத்தில் இல்லாதிருந்தமை, எஞ்சிய பாதைகளின்மேல் மிகுந்த சுமை, மிகையாக எடுத்ததைக் குறைக்குமாறு இட்ட கட்டளைகளுக்குப் போதிய பலன் இல்லாமை ஆகியவற்றை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. 2014-இல் புதிய முறை வந்தது; அதிர்வெண் எதுவாயினும் அட்டவணையிலிருந்து விலகும் அளவிற்கே வரம்பு விதிக்கப்பட்டது. இத்தூண்டுதலைக் கற்கும் ஆட்டக்காரர்களைக் கொண்டு முன்பே சோதித்திருந்தால், இந்த எல்லையின் தேவை தொடக்கத்திலேயே புலப்பட்டிருக்கக்கூடும்.

2022 மார்ச் மாதத்தில் வெப்பம் முன்கூட்டியே வந்தது. நிலக்கரி இருப்பு குறைந்தது. உக்ரைன் போரினால் இறக்குமதி நிலக்கரியின் விலையும் ஏறியது. பரிமாற்றகத்தில் பல கட்டங்களில் விலை அப்போதைய உச்ச வரம்பான 20 ரூபாயைத் தொட்டது. ஆணையம் தானாகவே முன்வந்து, ஏப்ரல் தொடக்கத்தில் வரம்பை 12 ரூபாயாகவும், ஓராண்டிற்குப் பின்னர் 10 ரூபாயாகவும் குறைத்தது. மக்களைக் காக்க அது வேண்டிய நடவடிக்கையே. எனினும் வரம்பு இருபுறமும் கூரான கத்தி. மிகத் தாழ்ந்தால், எரிவாயுவையும் இறக்குமதி நிலக்கரியையும் எரிக்கும் நிலையங்கள் சந்தைக்கே வாரா. அத்தகையோருக்கெனத் தனிச் சந்தைப் பிரிவு 2023-இல் ஏற்படுத்தப்பட்டதற்கு இதுவே காரணம். மிக உயர்ந்தால், நாம் கண்டவாறு, தவிர்க்கவியலாத விற்பனையாளர் அனைவருக்கும் அந்த வரம்பே இலக்காகிவிடும். எந்த எண் பொருத்தமானது என்பதை ஊகத்தால் அன்றிச் சோதனையால் தீர்மானிப்பதே முறை.

அணையும் விளக்கு யாருடையது?

அயல்நாட்டு மாதிரிகளை அப்படியே இங்குக் கொணர்வது பொருந்தாது என்பதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பெரும்பாலான மாதிரிகளில் தேவை என்பது மாறாத எண். விலை எவ்வளவாயினும் வாங்கியே தீரவேண்டும். நமது பகிர்மானக் கழகங்களின் நிலை வேறு. நுகர்வோர் கட்டணத்தை மாநில ஆணையம் நிர்ணயிக்கிறது. சந்தை விலை அதைவிட மிகுந்தால் ஒவ்வொரு யூனிட்டும் கழகத்திற்கு இழப்பே. ஏற்கெனவே கடனில் தவிக்கும் கழகம் வாங்காமல் இருந்துவிடலாம். அதற்குப் பதிலாக ஓர் ஊரின் மின்பாதையைத் துண்டித்துவிடலாம். கணக்கேட்டில் இது தேவை குறைந்ததாகவே பதிவாகும். சந்தை விலையும் சற்றே தணியும். ஆனால் அத்தணிவிற்கு விலை கொடுத்தவர் நாற்றுக்கு நீர் பாய்ச்ச இயலாத உழவரும், தேர்வுக்குப் படிக்க இயலாத மாணவரும், நெசவுத் தறி நின்றுபோன தொழிலாளியுமே ஆவர். ஏலத்தில் அவர்களுக்கென ஒரு விலைப்புள்ளி இல்லை.

எனவே இந்தியச் சந்தைக்கான மாதிரியில் பகிர்மானக் கழகமும் கற்கும் ஆட்டக்காரராக இடம்பெற வேண்டும். எவ்விலையில் அது வாங்குவதை நிறுத்தி மின்வெட்டை நாடுகிறது என்பதும், வழங்கப்படாத ஒவ்வொரு யூனிட்டின் சமுதாய இழப்பும் கணக்கில் சேர வேண்டும். விலை தாழ்ந்தது என்பதை மட்டும் வெற்றியின் அளவுகோலாகக் கொண்டால், இருளையும் சேமிப்பாக எண்ணிவிடுவோம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, சந்தை விதிகளில் மாற்றம் முன்மொழியப்படும்போது, வரைவுடன் இத்தகைய கணிப்பொறிச் சோதனையின் முடிவுகளும் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்படுதல் நன்று. புதிய பாலத்தின்மேல் முதலில் மணல்மூட்டைகளை ஏற்றிப் பார்க்கிறோம். மக்களை ஏற்றி அன்று. விதிக்கும் அந்த நெறி பொருந்தும். இரண்டாவதாக, ஏலத்தில் அளிக்கப்பட்ட விலைப்புள்ளிகள் உரிய கால இடைவெளிக்குப் பின் ஆய்வாளர்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் தேசிய மின்சந்தையில் விற்பனையாளர்களின் விலைப்புள்ளிகள் மறுநாளே வெளியிடப்படுகின்றன. விலைப்புள்ளிகள் விரைந்து வெளியானால் போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கற்பதும் விரையும் என்னும் எதிர்வாதமும் உண்டு. எத்தனை நாள் இடைவெளி தகும் என்பதையே இம்மாதிரிகளால் சோதிக்கலாம். மூன்றாவதாக, நமது தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களும் பொருளாதாரத் துறைகளும் இணைந்து இப்பணியில் ஈடுபட வேண்டும். பொறியாளர் மின்பாதையை அறிவார். பொருளியலார் தூண்டுதலை அறிவார். இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் மாதிரி உண்மைக்கு அருகில் வரும்.

கணிப்பொறியின் விடையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பதும் தவறே. ஒரே மாதிரியை மட்டும் நம்பாமல், கற்கும் முறைகள் பலவற்றை வைத்துச் சோதித்து, எல்லாவற்றிலும் வெளிப்படும் குறையை முதலில் களைவது அறிவுடைமை. இறுதி முடிவு ஆணையத்தின் பொறுப்பே. அப்பொறுப்பைத் தெளிந்த கண்ணுடன் நிறைவேற்றக் கருவி உதவும்.

சந்தை என்பது தானே தோன்றிய இயற்கைப் பொருள் அன்று. சட்டத்தாலும் விதியாலும் மனிதர் அமைத்தது. மனிதர் அமைத்ததை மனிதர் சீர்செய்யவும் முடியும். விலையை உயர்த்தும் வழியை விற்பவர் கற்றுக்கொள்வதற்கு முன்பே, விதியை வகுப்பவர் அதனைக் கற்றுக்கொண்டு அடைத்துவிட வேண்டும். அவ்வாறு முந்திக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், எங்கோ ஒரு சிற்றூரின் மின்பாதை துண்டிக்கப்படாமல் இருக்கும்.